குளத்தில் எத்தனை அடி தண்ணி?

குளத்துத் தண்ணியில் செய்கிற கோடை நெற்போகமான சிறுபோகத்துக்குக் கூட்டம் கூடினால், எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற கதை தொடங்க முதல் ஒரு கேள்வி வரும்: குளத்தில் இப்ப எத்தனை அடி தண்ணி நிற்குது? வன்னியில் இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ அக்கராயனோ, எந்தக் குளமானாலும் இதுதான் முறை. நீர்ப்பாசனத் திணைக்களம் அளவைச் சொல்லும். அதை வைத்து எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற இழுபறி எல்லாம் அதற்குப் பிறகுதான். மாரி மழையை நம்பிச் செய்கிற காலபோகத்தில் இவ்வளவு கணக்கு இல்லை. புரட்டாதி, ஐப்பசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிறுபோகத்துக்கு மாரியில் குளம் பிடித்து வைத்ததுதான் வரவு. எழுத்துக்கும் இதே கணக்குத்தான்.

எழுதுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற இரண்டு கதைகள் உண்டு. ‘மனதில் வந்தால்தான் எழுதுவன்’ என்பது ஒன்று. ‘இண்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆயிரம் சொல்’ என்பது மற்றது. முதலாமவர் காலபோகம் மட்டும் செய்கிறவர். மழை பிந்தினால் அந்த வருசம் அவருக்கு ஒன்றுமில்லை. இரண்டாமவர் குளத்தைப் பாராமல் ஏக்கர் போடுகிறவர். பயிர் கதிர் திரளுகிற குடலைப் பருவத்துக்கு வரும்போது வாய்க்காலில் தண்ணி இராது. இரண்டு பேருக்குமே உந்துதலும் ஒழுங்கும் ஒன்றுக்கொன்று எதிரி என்று ஒரு நினைப்பு. உண்மையில் அவை வேறு வேறு நேரத்தில் செய்கிற இரண்டு வேலைகள். ஒரே மணித்தியாலத்துக்குள் இரண்டையும் செய்யப் பார்க்கிறபோதுதான் குழப்பம்.

முதலில் பிடித்து வைப்பது. உந்துதல் வருகிற நேரம் பெரும்பாலும் எழுதுகிற நேரமாக இருக்காது. ஏ9 பாதையில் பஸ்ஸுக்குள் நிற்கும்போது வரும், பன்றிக் காவலில் பரணில் இருக்கும்போது வரும், செத்தவீட்டில் வரும். அந்த நேரத்தில் கதை எழுதக்கூடாது, குறிப்பு மட்டும்தான் எடுக்கவேண்டும். சேட்டுப் பையில் அடங்குகிற சின்னக் கொப்பி ஒன்றும் ஒரு பேனையும் போதும். போனில் எழுதுவதும் சரிதான். ஆனால் போனைத் திறந்தால் வட்ஸ்அப் கூப்பிடும். குறிப்பை எழுத எடுத்த கை அங்கே போய்விடும். அதனால் கொப்பி மேல் என்பது என் அபிப்பிராயம். குரலைப் பதிவு செய்கிறவர்கள் அன்றிரவே கேட்டு எழுத்தில் இறக்கிவிடவேண்டும். பத்துப் பதிவுகள் சேர்ந்துவிட்டால் பிறகு யாரும் கேட்பதில்லை.

குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். அருவி வெட்டு (நெல் அறுவடை) முடிந்த வயலைப் பார்த்துவிட்டு ஒருவர் இப்படிக் குறித்து வைக்கிறார்:

‘வெட்டி முடிஞ்ச வயல். மனசுக்குள்ள ஏதோ வெறுமை. கட்டாயம் எழுதவேணும்.’

மூன்று கிழமை கழித்து இதைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது. வெறுமை என்ற சொல் இருக்கும், வெறுமை இராது. உணர்ச்சியைக் குறித்து வைத்தால் உணர்ச்சி திரும்பி வருவதில்லை. அதைக் கிளப்பிய பொருளைக் குறித்து வைத்தால் வரும். அதே வயல், இன்னொரு குறிப்பு:

‘மாசி நடு. பின்னேரம் நாலரை. மெசின் வெட்டிப்போன வயல். சில்லுத் தடத்தில் தண்ணி. மெசினுக்குப் பின்னால கொக்குகள் நடந்து போகுது, பறக்கேல்லை. ஒரு ஆச்சி உரப்பையோட மூலை மூலையாப் போறா. மெசின் திரும்பிற மூலையில கதிர் தப்பி நிக்கும். “முந்திக் கையால வெட்டேக்க வயல் முழுக்கக் கதிர் கிடக்கும். இப்ப மூலையில மட்டுந்தான்” எண்டா.’

இதில் மனசு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் வயல் அப்படியே நிற்கும். குறிப்பில் இருக்கவேண்டியவை நான்கு: காலம் (மாதம், மணி), இடம், கண்ணில் பட்ட ஒரு அசைவு, காதில் விழுந்த ஒரு வாக்கியம் சொன்னபடியே. கடைசியானது மிக முக்கியம். ‘எண்டா’ என்றதை ‘என்றாள்’ என்று திருத்தி எழுதினால் ஆச்சியின் குரல் போய்விடும். திருத்துவதைப் பிறகு கதைக்குள் செய்யலாம். குறிப்பில் செய்தால் திரும்ப எடுக்க வழியில்லை. போனில் குரல்வழித் தட்டச்சு செய்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். இலங்கைத் தமிழ் என்று தெரிவு செய்திருந்தாலும் அது பல இடங்களில் பேச்சு வழக்கைத் தன் பாட்டுக்கு எழுத்து வழக்காக்கிவிடும்.

இன்னொன்று. குறிப்பை அன்றைக்கே முகநூலில் போடாதீர்கள். நண்பருக்கு விபரமாகச் சொல்லியும் காட்டாதீர்கள். சொல்லி முடித்ததும், நாலு பேர் ‘அருமை’ என்று எழுதியதும், அந்த விடயம் உங்களைப் பொறுத்தவரை முடிந்துவிடும். திரும்ப ஒருதரம் எழுதுவதற்கான தேவை மனதில் மிச்சமிராது. குளம் முட்டி, மேலதிகத் தண்ணி வழிகிற வானால் பாய்ந்து கடலுக்குப் போன தண்ணியில் வயல் விளையாது.

அடுத்தது ஏக்கர் தீர்மானிப்பது. கிழமைக்கு ஒருநாள், ஞாயிறு பின்னேரம் என்று வைத்துக்கொள்வோம், அரை மணித்தியாலம் குறிப்புக் கொப்பியைத் திறந்து வாசிக்கவேண்டும். அன்றைக்குப் புதிதாக ஒன்றும் எழுதவேண்டாம். ஒன்றோடொன்று சேரக்கூடிய குறிப்புகளுக்கு ஒரே அடையாளம் போடுங்கள். ஒரு பேனை நிறத்தால் வட்டம் போட்டாலே போதும். ஒரு விடயத்தைச் சுற்றி ஐந்தாறு குறிப்பு சேர்ந்திருந்தால் அது 1500 சொல் சிறுகதையைத் தாங்கும். இரண்டுதான் என்றால் ஒரு கவிதை, அல்லது ஒரு பக்கப் பத்தி. ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு நாவல் தொடங்குகிறவர்கள் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்பதற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்துத் தங்களைத் தாங்களே ஏசிக்கொள்கிறார்கள். தண்ணி காணாது, அவ்வளவுதான். நாவலை விட்டுவிட்டு அந்த மூன்று அத்தியாயத்தில் நல்ல ஒன்றைச் சிறுகதையாக முடிப்பது தோல்வி இல்லை. பங்கு குறைத்து விதைப்பது கமக்காரனுக்கு வெட்கம் இல்லைத்தானே.

இனித் தினசரி அளவு. ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி ட்ரொலப் தபால் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே விடியப்புறம் எழுதியவர். மணிக்கூட்டை முன்னால் வைத்து, 15 நிமிடத்துக்கு 250 சொல் என்று கணக்கு வைத்திருந்தார். இந்தக் கணக்கைக் கேட்டு அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் ஒரு மாதத்தில் களைத்துப்போகிறார்கள். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறேழு சொல் வேண்டும். தமிழில் யோசித்து எழுதுகிற ஒருவர் 40 நிமிடத்தில் 200 முதல் 250 சொல் எழுதினால் அது நல்ல வேகம். சாதாரணக் கையெழுத்தில் ஒற்றை ரூள் கொப்பியில் இரண்டு பக்கத்துக்குக் கிட்ட வரும். கிழமையில் ஆறு நாள் என்றால் 1200 முதல் 1500 சொல். ஒரு சிறுகதையின் முதல் பிரதி ஒரு கிழமையில் முடிந்துவிடும். ஆயிரம் சொல் சபதத்தை விட இது எவ்வளவோ கூட, ஏனென்றால் இது நடக்கும்.

அளவைச் சொல்லில் வைப்பதா நேரத்தில் வைப்பதா என்று கேட்டால், முதல் பிரதிக்குச் சொல், திருத்தத்துக்கு நேரம். திருத்தும்போது சொல் குறையவேண்டும்; அங்கே சொல்லை எண்ணினால் வெட்டவேண்டியதை வெட்ட மனம் வராது.

வருசம் முழுக்க ஒரே அளவும் வேண்டாம். வன்னியில் எழுதுகிறவர்களில் பலர் கமம் செய்கிறவர்கள், ஆசிரியர்கள், அலுவலகத்துக்குப் போகிறவர்கள். விதைப்பு நாளிலும் அருவி வெட்டு நாளிலும் வயல் உள்ள வீட்டில் ஒருவருக்கும் 40 நிமிடம் கிடைக்காது. தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற கிழமையில் ஆசிரியருக்கும் அப்படித்தான். அந்த நாள்களை முன்கூட்டியே கலண்டரில் அடையாளப்படுத்தி, ‘குறிப்பு மட்டும்’ என்று எழுதிவையுங்கள். தீர்மானித்து எழுதாமல் விட்ட நாளுக்கும் தவறவிட்ட நாளுக்கும் வித்தியாசம் பெரிது. ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்ட வெளிக்கிடுவதுதான் ஒழுங்கை உடைக்கிறது. 500 சொல் எழுத இருந்து 200இல் களைத்து, இப்போது 300 கடன் என்று நினைத்து, மூன்றாம் நாள் கொப்பியைத் திறக்கவே பயம் வரும். தவறிய நாள் தவறியதுதான். அடுத்த நாள் வழக்கமான அளவு.

விடிய எழும்பி எழுது என்ற புத்திமதி எல்லோருக்கும் பொருந்தாது. வீட்டு வேலை தலையில் உள்ள பெண்கள் ஏற்கெனவே நாலு, நாலரைக்கு எழும்பித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு மணிக்கூடு உதவாது. வழமையாக நடக்கிற ஒரு வேலையின் வாலில் எழுத்தைக் கட்டிவிடுவதுதான் நிற்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ப் படலை சாத்தின கையோடு 25 நிமிடம். அல்லது மத்தியானச் சமையல் முடிந்து சட்டி பானை கழுவ முதல். கழுவின பிறகு என்று வைத்தால் அதற்குப் பிறகு இன்னொரு வேலை வந்து நிற்கும். வீட்டில் மற்றவர்களும் அந்த 25 நிமிடத்தை மதிக்கப் பழகவேண்டும். அதை வெளியே சொல்லிக் கேட்பதில் பிழை இல்லை.

எழுத இருந்தால் கை ஓடவில்லை என்பதற்கு வருவோம். பத்து நிமிடம் எதையாவது எழுதிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கை இளகினால் அது வெறும் அலுப்பு. இளகாமல் ஒரே வாக்கியத்தையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தால், பத்துக்கு எட்டுத்தரம் காரணம் ஒன்றுதான்: உங்கள் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. தெரியாதது மனித மனத்தின் ஆழம் ஒன்றும் இல்லை, பெரும்பாலும் ஒரு வேலையின் விபரம்.

ஒரு உதாரணம். கதையில் மாரி மழை, இரவு, குளம் முட்டிவிட்டது, ஒருவர் ஓடிப்போய்த் துருசைத் திறந்து ஊரைக் காப்பாற்றுகிறார். இந்த இடத்தில் எழுத்து முன்னுக்குப் போகாது. போனாலும் உயிர் இராது. துருசு வயல் வாய்க்காலுக்குத் தண்ணி விடுகிற வழி. வெள்ளத்தை வெளியேற்றுவது வான், பெரிய குளமென்றால் வான் கதவு. அதைத் திறக்கிறவர் யார், யாருடைய உத்தரவில், திறக்க முதல் ஆற்றோரத்துச் சனத்துக்கு எப்படி அறிவிப்பார்கள், திறந்தால் தண்ணி எந்தப் பக்கம் இறங்கும், குளத்துத் தண்ணி ஏறுகிற பக்கமான அலைகரையில் குடியிருப்பவருக்கும் குளக்கட்டுக்குக் கீழே இருப்பவருக்கும் பயம் ஏன் ஒரே மாதிரி இல்லை, இதெல்லாம் தெரிந்தால் அந்த இரவு தானாக எழுந்து நிற்கும். இப்படி நிற்கிற நாளில் மேசையில் இருந்து மல்லுக்கட்டாமல் போய்க் கேளுங்கள். கமக்காரர் அமைப்பில் உள்ள ஒரு மூத்தவரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தால் பத்துப் பக்கத்துக்குத் தண்ணி கிடைக்கும். அந்த நாளும் எழுத்து நாள்தான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சின்னத் தகவல் ஒன்று மட்டும் இல்லையென்றால் எழுத்தை நிறுத்தவேண்டாம். அந்த இடத்தில் ‘பார்’ என்று எழுதிப் பெட்டி கட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். முதல் பிரதி முடியும்வரை முதல் பக்கத்தைத் திருத்துவதும் கூடாது. முதல் பக்கத்தைப் பதினொரு தரம் எழுதிவிட்டுக் கதையை முடிக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர், அதுவும் நல்ல கை உள்ளவர்கள். அது மனவருத்தமான விசயம்.

ஒவ்வொரு நாளும் எழுத்தை நிறுத்துகிற இடமும் கவனிக்கவேண்டியது. அடுத்த வாக்கியம் தெரிந்திருக்கும்போதே நிறுத்தி, அதை அரைவாசியில் விட்டுவிடுங்கள். முழுக்க வற்றும்வரை எழுதினால் அடுத்த நாள் காலை வெறும் குளத்துக்கு முன்னால்தான் போய் இருக்கவேண்டும்.

ஒழுங்கும் நோயாகலாம். ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கம் தவறாமல் வருகிறது, ஆனால் எல்லாம் ஒரே தட்டையாக இருக்கிறது. இதை எழுதுகிறவரே கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. பந்திகள் எல்லாம் பொழுதைச் சொல்லித் தொடங்கும். வாக்கியங்கள் எல்லாம் ஒரே முடிவில் வந்து விழும்: பார்த்தான், நினைத்தான், நடந்தான். பெயருக்கு முன்னால் அடைமொழி கூடும். ஆட்களின் பேச்சு குறைந்து விபரிப்பு நீளும். கடைசி இருபது பக்கத்தையும் சத்தமாக வாசித்தால் இவை காதில் இடிக்கும். அப்படியானால் மூன்று நாளோ ஐந்து நாளோ எழுத்தை நிறுத்திவிட்டு, அதே 40 நிமிடத்தைச் சந்தையிலோ குளக்கட்டிலோ கோயில் வீதியிலோ செலவழிக்கவேண்டும், கையில் சின்னக் கொப்பியோடு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் ஒரு இரவு முழுக்க நின்றால் ஒரு வருசத்துக்குக் காணும். நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த 40 நிமிடம் ஒருமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

திருத்தத்துக்கு முதல் பிரதியைக் குறைந்தது பத்து நாள் மூடி வையுங்கள். பிறகு முதல் வேலை, குறிப்பில் இருந்தது பிரதியில் எங்கே தொலைந்தது என்று பார்ப்பது. மேலே சொன்ன ஆச்சி முதல் பிரதியில் பெரும்பாலும் இப்படித்தான் வருவா: ‘இயந்திரங்களின் வருகையால் ஏழையின் வயிற்றில் அடிக்கப்பட்ட துயரத்தை அந்த மூதாட்டியின் குழிவிழுந்த கண்கள் பறைசாற்றின.’ குறிப்பைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினால் இப்படியாகும்: ‘மெசின் திரும்புகிற மூலையில் கதிர் நிற்கும் என்று ஆச்சிக்குத் தெரியும். நாலு மூலையும் முடிந்ததும் பையைத் தூக்கிப் பார்த்தா. பிறகு அடுத்த வயலில் மெசின் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றா.’ துயரம் என்ற சொல் போய்விட்டது. ஆச்சி நிற்கிறா.

2009இன் கடைசிப் போரை எழுதுகிறவர்களுக்கு மேலே சொன்ன அளவுக் கணக்கு ஒன்றும் செல்லாது. மன்னார்ப் பக்கமிருந்து கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்து, பிறகு செட்டிகுளத்து முகாம்களில் கிடந்ததை எழுத இருப்பவர் தினமும் இத்தனை சொல் என்று தன்னை வருத்தக்கூடாது. இங்கே ஒழுங்கின் வேலை எழுத வைப்பது இல்லை, நிறுத்த வைப்பது. 20 நிமிடம், போனில் மணி வைத்து. மணி அடித்ததும் கொப்பியை மூடி, கையால் செய்கிற ஒரு வேலைக்குப் போகவேண்டும்: மரத்துக்குத் தண்ணி ஊற்றுவது, தேங்காய் துருவுவது, எதுவானாலும். படுக்கப்போக முதல் எழுதவேண்டாம், நித்திரை போய்விடும். கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். எழுதுகிற நாளில் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். எந்த இடம், எந்தத் திகதி, யார் பக்கத்தில் இருந்தது என்ற விபரங்களை உங்கள் நினைவில் உள்ளபடி தனியாக ஒரு தாளில் எழுதி, கூட வந்த இன்னொருவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். மற்றவர் வீட்டு இழப்பை அவர்களிடம் கேளாமல் கதையாக்க வேண்டாம். பெயரை மாற்றினாலும் ஊருக்குத் தெரியும்.

கடைசியாக, எழுதினதற்கு இன்னொரு பிரதி எடுத்து வைப்பது. இடப்பெயர்வில் கொப்பிகளை விட்டுவிட்டு ஓடின மண் இது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகள் திரும்ப வரவேயில்லை. 2005இல் தொடங்கின ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இன்று பழைய சஞ்சிகைகளை வாசிக்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் ஒரு பிரதியைப் பெட்டிக்குள் வைத்திருந்து, இன்னொருவர் அதைப் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்ததால்தான். கிழமைக்கு ஒருதரம், ஞாயிறு பின்னேரம் குறிப்பு வாசிக்கிற அந்த அரை மணித்தியாலத்திலேயே, எழுதின பக்கங்களைப் போனில் படம் எடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழட்டும், கொப்பி நேராக இருக்கட்டும், பக்க எண் படத்துக்குள் வரட்டும். படங்களை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி, தலைப்பில் திகதியையும் கதையின் பெயரையும் போடுங்கள். தட்டச்சு செய்வதானால் யூனிகோட்டில் செய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் அவற்றையும் இப்போதே மாற்றி வையுங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் குழம்பும் என்பதால் மூலத்தோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கொப்பியை எறியவேண்டாம். ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, கறையான் ஏறாத உயரத்தில், மழை ஒழுகாத மூலையில் வைத்துவிடுங்கள்.